கூலிக் கணக்கில் ஒரு விகித வாய்பாடு

சம விகிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாலும் நீரும், மணலும் சுண்ணாம்பும் கலந்த கலவைகளையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்வர். அவை நல்லனவே. எனினும் மலேசியத் தமிழர் வரலாற்றில் அவற்றினும் ஆழ்ந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மலாயாவின் பிற பகுதிகளிலும் இரப்பர்த் தோட்டங்களில் வழங்கிய நாட்கூலிக் கணக்காகும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இரு வகையில் தமிழரைத் தொட்டது. ஓரினத்தைச் சேர்ந்த, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. இந்தியத் தொழிலாளருக்குத் திட்டக் கூலி வகுக்கவும் வழி செய்தது. அக்கூலியை வகுத்தது இந்தியக் குடியேற்றக் குழு. பிள்ளைகள் பள்ளியில் வாய்பாடு ஓதினர். பெற்றோர் அவ்வாய்பாட்டின்படியே கூலி பெற்றனர். எவ்வாறெனக் காண்போம்.

போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் 1928இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் அவை 40, 32 ஆயின. இடையில் கூலி மேலும் இறங்கியும் ஏறியும் வந்து மீண்டும் 50, 40 என நின்றது. 1938இல் 45, 36 எனக் குறைக்கப்பட்டது. இம்மூன்று ஆண்டுகளின் கூலியை மட்டும் அட்டவணையாக எழுதுவோம்.

ஆண்: 5 — 40 — 45 — 50
பெண்: 4 — 32 — 36 — 40

மேல் நிரை ஐந்தாம் வாய்பாடு. கீழ் நிரை நான்காம் வாய்பாடு. எட்டால் பெருக்கினால் 1930. ஒன்பதால் பெருக்கினால் 1938. பத்தால் பெருக்கினால் 1928. இரண்டு வாய்பாடுகளை அருகருகே எழுதியதே விகித அட்டவணை என்பது இதனால் விளங்கும். எந்த நிரலை எடுத்துச் சுருக்கினும் 5:4 என்றே வரும்.

மாணவர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆணுக்கு 5 காசு குறைந்தால் பெண்ணுக்கும் 5 காசு குறைவதே சமம் என அவர் எண்ணுவர். அவ்வாறு செய்திருப்பின் 1938இல் கூலி 45, 35 ஆகியிருக்கும்; அது 9:7. விகிதம் மாறிவிடும். சமமாகக் கழித்தல் வேறு, ஒரே மடங்காகக் குறைத்தல் வேறு. பத்தில் ஒரு பங்கை இருவரிடத்தும் குறைத்தமையாலேயே 5:4 நிலைத்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆண், பெண் கூலிகளுக்கிடையே இருந்த வேறுபாடு 1928இல் 10 காசு. 1930இல் 8 காசு. வேறுபாட்டை மட்டும் நோக்குவோர் பெண்ணின் நிலை உயர்ந்தது என்பர். உண்மையில் இருவர் கூலியும் தாழ்ந்தது. அவள் அவனுடைய ஐந்தில் நான்கு பங்கே பெற்றாள். விகிதம் உறவைச் சொல்லும், அளவைச் சொல்லாது. ஆணும் பெண்ணுமாக இருவர் உழைத்த குடும்பம் 1928இல் நாளொன்றுக்கு 90 காசும், 1938இல் 81 காசும் பெற்றது. விகிதம் சமம், அடுப்பில் ஏறும் அரிசி சமமன்று.

1938 சூன் திங்களில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயா செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடை செய்தது. அதற்குரிய காரணங்களுள் இக்கூலிக் குறைப்பும் ஒன்று. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம் எழுந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளர்க்காகக் குரல் கொடுத்தது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. மேற்காட்டிய அட்டவணையில் இல்லாத மூன்றாம் நிரையை அவர்கள் கேட்டார்கள் எனலாம். அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஆகவே விகித அட்டவணையை மாணவர் முன் வைக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். நிரைகளுக்கிடையே உள்ள உறவு மாறியதா? அளவு கூடியதா, குறைந்ததா? அட்டவணையில் எழுதப்படாத நிரை எது? முதல் வினாவுக்கு வாய்பாடு விடை தரும். மற்ற இரண்டுக்கும் விடை காண வரலாறும் தெரிந்திருத்தல் வேண்டும்.