காத்திருப்பின் வரலாறு

“வைரசு காணப்படுகிறது. அஞ்ச வேண்டியதில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் வாருங்கள்.” கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குச் சென்ற பெண்கள் பலர் இன்று பல நாடுகளிலும் கேட்கும் வார்த்தைகள் இவை. சொல்வதற்கு அரை நிமிடமும் ஆகாது. ஆனால் கேட்டவள் ஓராண்டு முழுவதும் அவற்றோடு வாழவேண்டியிருக்கிறது. அவள் சமைக்கிறாள், தொழிலுக்குச் செல்கிறாள், பிள்ளைகளின் பாடங்களைப் பார்க்கிறாள். இரவில் மட்டும் ஒரு கேள்வி எழுகிறது: அது போய்விடுமா? போய்விட்டது என்பதை எப்படி அறிவது? இக்கேள்விக்கு மருத்துவம் இன்று கூறும் விடை எத்தகையது, அவ்விடை எவருடைய துன்பத்தினூடாகப் பெறப்பட்டது என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

1842ஆம் ஆண்டில், இத்தாலியின் வெரோனா நகர மரணப் பதிவுகளை ரிகோனி-ஸ்ரேர்ண் என்னும் வைத்தியர் ஆராய்ந்தார். 1760 முதல் 1839 வரையிலான பதிவுகள் அவை. கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடையே மிகுதியாகவும் கன்னியாஸ்திரிகளிடையே அரிதாகவும் காணப்பட்டது என்பதே அவர் கண்ட முடிவு. புள்ளிவிபரம் கூறியது அவ்வளவுதான். ஆயினும், பின்வந்த காலத்தில் இந்நோயைப் பற்றிய பேச்சு எங்கெங்கு எழுந்ததோ அங்கெல்லாம் பெண்ணின் ‘நடத்தை’ என்ற சொல்லும் கூடவே எழுந்தது. காரணம் அறியப்படாத நோய்க்கு நோயாளியையே காரணமாக்குவது சமுதாயத்தின் பழைய வழக்கம். தொழுநோயாளர் இதனை நன்கறிவர்.

உண்மையான காரணம் புலப்பட மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1970களில் விஞ்ஞானிகள் பலர் ஹெர்பிஸ் என்னும் வேறொரு வைரசையே ஐயுற்றனர். ஜேர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹௌசன் அக்கருத்தை ஏற்காது, மருக்களைத் தோற்றுவிக்கும் பப்பிலோமா வைரசுக் குடும்பத்தில் தேடினார். 1983இல் அவ்வைரசின் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் அவரது குழுவினர் புற்றுநோய்க் கலங்களிலிருந்து பிரித்தெடுத்தனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கிற்கு இவ்விரு வகைகளே காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மனித பப்பிலோமா வைரசில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. பாலுறவு வாழ்வுடைய ஆண்பெண் இருபாலாருள் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் அது பற்றுகிறது. பற்றியவற்றுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, இரண்டு ஆண்டுகளுக்குள் பரிசோதனைக்குப் புலப்படாது போய்விடுகின்றன. ஈண்டு ‘புலப்படாது’ என்ற சொல்லை வாசகர் ஊன்றி நோக்கவேண்டும். உடலின் நோயெதிர்ப்பாற்றல் வைரசை முற்றாக அழித்திருக்கலாம். அல்லது தோற்படையின் அடிக்கலங்களில் மிகச் சிறு அளவில் அது அடங்கிக் கிடக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் இன்றைய பரிசோதனைக்கு இல்லை. ஆண்டுகள் பல கழிந்து வைரசு மீண்டும் காணப்படின், அது புதிதாக வந்ததா, பழையது விழித்ததா என்பதையும் அது கூறாது. வைரசைக் கொல்லும் மருந்தும் இதுவரை இல்லை. வைரசினால் மாறுதலடைந்த கலங்களை அகற்றுவதே சிகிச்சை.

இவ்வுண்மையிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. எப்போது வந்தது என்று கூறமுடியாத ஒன்றை வைத்து, ‘யாரிடமிருந்து வந்தது’ என்று எவரும் தீர்ப்பளித்தல் இயலாது. கணவன் மனைவியிடையே இதனால் எழும் சந்தேகத்திற்கு விஞ்ஞானம் சாட்சி சொல்லாது. வெரோனாக் காலந்தொட்டு வந்த பழிச்சொல் அடிப்படையற்றதாகிறது.

ஆனால் போகாது நிலைத்துவிடும் வைரசு என்ன செய்யும்? அதனால் மாறிய கலங்களைச் சிகிச்சையின்றி விட்டால் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும்? இதனை உலகம் அறிந்த விதம் வருந்தத்தக்கது.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலே தேசியப் பெண்கள் வைத்தியசாலை என்றொரு பேர்பெற்ற நிறுவனம் இருந்தது. புற்றுநோயின் முன்னிலையாகிய கலமாற்றம் புற்றுநோயாக வளராது என்ற கருத்துடையவர் அங்கு பணியாற்றிய பேராசிரியர் ஹேர்பேர்ட் கிறீன். அதனை மெய்ப்பிக்கும் பொருட்டு, அத்தகைய பெண்களுட் சிலரை முழுச் சிகிச்சையளிக்காது கவனித்து வர 1966இல் அவர் அனுமதி பெற்றார். அழைக்கப்பட்ட போதெல்லாம் பெண்கள் வந்தார்கள், பரிசோதிக்கப்பட்டார்கள், திரும்பிச் சென்றார்கள். தாம் ஓர் ஆய்வின் பகுதி என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதே வைத்தியசாலையைச் சேர்ந்த மக்கின்டோ, மக்லீன் என்போர் எழுப்பிய எதிர்ப்பு செவியேறவில்லை. அவர்கள் வேறு இருவருடன் சேர்ந்து 1984இல் உண்மைகளை ஆய்வேட்டில் வெளியிட்டனர். 1987இல் சான்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்கள் ‘மெற்றோ’ சஞ்சிகையில் எழுதிய பின்னரே நாடு விழித்தது. நீதிபதி சில்வியா காட்றைட்டின் விசாரணை அறிக்கை 1988இல் வெளிவந்தது. நோயாளியின் உரிமைகள் அந்நாட்டில் சட்டமானது அதன் பயனாகவே.

2008இல் அப்பெண்களின் மருத்துவப் பதிவுகள் மீளவும் ஆராயப்பட்டன. சிறு திசுத்துண்டு எடுத்ததோடு விடப்பட்ட 143 பெண்களுள், முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் என்ற வீதத்தில் புற்றுநோய் கண்டது. முறையான சிகிச்சை பெற்றோரிடையே அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இன்று உலகெங்கும் வைத்தியர்கள் எடுத்துக்காட்டும் கணக்குகளில் இதுவும் ஒன்று. காத்திருப்பு எவ்விடத்தில் ஆபத்தாகிறது என்பதை அப்பெண்களின் உடல்களே உலகிற்குக் கற்பித்தன.

கிறீனின் கூற்றில் ஓரளவு உண்மையும் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை. ஆயின் எவருக்கு வரும், எவருக்கு வராது என்பதை அவரால் கூறமுடியவில்லை. நிச்சயமின்மை அவருடையது; அதன் சுமையோ அவளுடையது. சுமந்தவளுக்கு அது தெரிவிக்கப்படவே இல்லை. குற்றம் இங்கேதான் இருக்கிறது.

எனவே காத்திருப்பு இருவகைப்படும். இன்று, வைரசு மட்டும் காணப்பட்டுக் கலமாற்றம் இல்லாதவளிடம், ‘பெரும்பாலும் அது அடங்கிவிடும், அடங்காவிடின் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும், அதற்குள் கண்டு அகற்றிவிடலாம், ஆகையால் குறித்த நாளில் தவறாது வாருங்கள்’ என்று கூறுவது ஒருவகை. அவள் அறிந்து காத்திருக்கிறாள். அறியாது காத்திருக்க வைக்கப்படுவது மற்றொருவகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், முன்னையது மருத்துவம், பின்னையது அதிகாரம்.

இந்த இரண்டாம் வகை ஒக்லாந்தோடு முடிந்துவிடவில்லை. 2022இல் உலகில் சுமார் 350,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு 94 பேர் வறிய, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். பரிசோதனை எட்டாத தோட்டத்திலும் கிராமத்திலும் வாழும் பெண்ணும் அறியாது காத்திருப்பவளே. அவளைக் காத்திருக்க வைத்திருப்பது ஒரு பேராசிரியரன்று, வறுமை.

இத்தகைய வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2006இல் உலகிற் பயன்பாட்டுக்கு வந்தது. எமது நாட்டில் 2017 முதல் தரம் 6 மாணவியருக்குப் பாடசாலைகளில் வழங்கப்படத் தொடங்கியது. ஏற்கெனவே பற்றிய வைரசை அது அகற்றாது. ஆகவேதான் சிறு வயதில் இடப்படுகிறது. அவ்வாய்ப்பின்றி வளர்ந்த தாய்மாருக்கும் எம்முடன் பணியாற்றும் ஆசிரியைகளுக்கும் உரிய இடம் சுகவனிதையர் கிளினிக். ஊசிக்கான சம்மதக் கடிதம் வகுப்புக்கு வரும் நாளில், அது எந்த நோய்க்கு என்று மாணவி கேட்டால், நாம் குரலைத் தாழ்த்திக்கொள்ளாது விடை கூறவேண்டும். தாழ்ந்த குரலில் கேட்டதை அவள் வெட்கத்துக்குரியதென்றே கற்றுக்கொள்வாள். வெட்கப்படக் கற்றவள், நாளை ‘ஓராண்டு கழித்து வாருங்கள்’ என்று கூறப்படும்போது, ஏன் என்று கேட்கமாட்டாள்.