மருந்துப் போத்தலும் சமுதாய வரலாறும்

பழைய மருந்துப் போத்தல்களையும் மருத்துவக் கருவிகளையும் சேகரித்தல் வசதிபடைத்தோரின் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. கண்ணாடியின் நிறம், வடிவம், கிடைத்தற்கருமை ஆகியனவே சேகரிப்போரின் அளவுகோல்கள். ஆயின், போத்தலை வரலாற்று ஆவணமாகக் கொள்ளுமிடத்து, அதனை விற்றோருக்கும் வாங்கியோருக்கும் இடையே நிலவிய உறவு புலப்படத் தொடங்குகின்றது. 19 ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

சேகரிப்போர் பெரிதும் விரும்புவன நீலமும் பச்சையுமான நச்சுப் போத்தல்கள். அவற்றின் புறத்தே வரிவரியாக மேடுகள் உள்ளன. இவை அலங்காரத்தின் பொருட்டு எழுந்தவையல்ல. மருந்தும் நஞ்சும் ஒரே அலுமாரியில் இருந்த வீடுகளில், மெழுகுதிரி வெளிச்சத்தில் தேடும் கைக்கும், எழுத்தறியாதவர் கைக்கும் அபாயத்தை உணர்த்துவதற்காக அமைந்தவை. 1858 இல் பிராட்போர்ட் நகரில் ஆசனிக் கலந்த இனிப்பை உண்டு ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். 200 பேருக்கு மேல் நோயுற்றனர். சீனியின் விலை காரணமாக மலிவான வெண்பொடியைக் கலப்பது இனிப்புத் தொழிலில் வழக்கமாயிருந்தது. அன்று மருந்துக்கடையில் அப்பொடிக்குப் பதிலாக ஆசனிக் தவறுதலாக நிறுத்துக் கொடுக்கப்பட்டது. மலிவான இனிப்பை வாங்கியோரே மாண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1868 ஆம் ஆண்டின் மருந்தாளர் சட்டம், நச்சுப் பொருள்களின் மீது ‘நஞ்சு’ என்ற சொல்லும் விற்பவரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டுமென விதித்தது.

எனினும் அதே சட்டம் காப்புரிமை மருந்துகளுக்கு விலக்களித்தது. இவ்விலக்கின் மறைவில் அபின் கலந்த பல மருந்துகள் நீண்டகாலம் விற்பனையாயின. ஆலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகளை உறங்கவைக்க அபின் கலந்த பாகு கொடுக்கப்பட்டதை ஏங்கல்ஸ் 1845 இல் வெளியான தமது நூலிலே கண்டித்துள்ளார். ‘கொட்ஃபிறேயின் கோடியல்’ அத்தகையதே. மோர்பீன் கலந்த ‘திருமதி வின்ஸ்லோவின் ஆற்றுப்பாகு’ வந்த போத்தலோ எளிய உருளை வடிவினது. எச்சரிக்கும் வரிமேடு எதுவும் அதில் இல்லை. வீட்டு நஞ்சுக்கு ஒரு போத்தல், குழந்தைக்கு ஊட்டிய நஞ்சுக்கு வேறொரு போத்தல். இவ்வேறுபாட்டைக் கண்ணாடியின் நிறம் விளக்காது. ஆலையின் வேலைநேரமே விளக்கும்.

அரசும் இவ்வணிகத்தில் பங்குகொண்டது. 1783 இல் விதிக்கப்பட்ட மருந்து முத்திரை வரி 1941 வரை நீடித்தது. போத்தலின் மீது ஒட்டப்பட்ட வரி முத்திரையை அரசின் நற்சான்றென வாங்குவோர் மயங்குவதற்கும் இடமிருந்தது. 1909 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் ‘இரகசிய மருந்துகள்’ என்னும் நூலில் இத்தகைய மருந்துகளின் பகுப்பாய்வை வெளியிட்டது. 1 ஷில்லிங் 1½ பென்சுக்கு விற்ற பீச்சம் மாத்திரைப் பெட்டியொன்றில் அடங்கிய பொருள்களின் விலை ஏறத்தாழ அரைப் பார்திங் மட்டுமே என அது காட்டிற்று. வரியை நீக்கிப் பார்ப்பினும், விற்பனை விலை மூலப்பொருளின் விலையைப் போல் ஏறத்தாழ 100 மடங்காகும்.

சேகரிப்பும் இவ்வணிகச் சூழலுக்குப் புறம்பானதன்று. மருந்து உற்பத்தியாற் செல்வம் ஈட்டிய ஹென்றி வெல்கம் (1853–1936) தம் முகவர்களைப் பல நாடுகளுக்கும் அனுப்பி, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் திரட்டினார். 1913 இல் இலண்டனில் மருத்துவ வரலாற்று நூதனசாலையையும் திறந்தார். அவர் சேகரிப்பிலிருந்து 2007 இல் அமைக்கப்பட்ட ‘மருத்துவ மனிதன்’ காட்சிக்கூடம் 2022 நவம்பரில் மூடப்பட்டது. இனவாதம் முதலிய கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட மருத்துவ வரலாற்றை அது நிலைநிறுத்துகின்றதென அதனை நடத்திய நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

இம்முடிவு நேர்மையானது; ஆயினும் போதுமானதன்று. பொருள்களைத் திரட்டியவரின் புகழைப் பாடும் காட்சி வேண்டாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அறையை மூடுவதனால் அபின் பாகை உண்ட குழந்தையின் வரலாறு வெளிப்பட்டுவிடாது. சீட்டைக் கழுவி, எஞ்சிய மருந்தைக் கொட்டி, கண்ணாடியை மட்டும் துலக்கி வைக்கும் சேகரிப்பாளர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. போத்தல் எங்கே கிடைத்தது, என்ன விலைக்கு விற்றது, யார் வாங்கினர், ஏன் வாங்கினர் என்பனவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும். அவ்வாறு பதியப்படாத போத்தல் வெறுங் கண்ணாடியே.