புது பம்பரில் ஒரு துருப்புள்ளி: குரோம், உப்பு, வாரன்டி

ஷோரூம்ல இருந்து புது வண்டி வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. முன்பக்க இரும்பு பம்பர்ல கடுகு அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கு. அடுத்த மழை பெய்ஞ்சதும் அந்த இடத்துல டீக்கறை மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி. சர்வீஸ் சென்டர்ல காட்டினா, "கல்லு பட்டிருக்கு சார், வாரன்டில வராது"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

அந்த ஒரு வரி எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனா, கதை ஒரு போர்ல ஆரம்பிச்சு, ஒரு உப்புச் சுரங்கம் வழியா, கனடாவுல கோபத்தோட கிளம்பின கார் ஓனர்கள் வரைக்கும் போகுது. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல ஒரு கேள்வி. குரோம் பம்பர்னு சொல்றோமே, நம்ம அம்பாசடர்ல பளபளன்னு இருக்குமே, அதுல குரோமியம் எவ்வளவு இருக்கும்? ஒரு மைக்ரானுக்கும் கீழே. உங்க தலைமுடியோட தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூடத் தேறாது. அந்த லேசான நீல மினுமினுப்பு, கீறல் விழாத கடினம், இதெல்லாம் குரோமியம் கொடுக்கிறது. ஆனா துருவைத் தடுக்கிற வேலை அதுக்குக் கீழே இருக்கிற நிக்கலோடது. குரோமியப் படலத்துல கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும், தண்ணி உள்ளே இறங்கிடும். நிக்கல்தான் அங்கே நின்னு தடுக்குது. பேர் குரோமுக்கு, உழைப்பு நிக்கலுக்கு.

இதை அமெரிக்கா செலவு பண்ணிக் கத்துக்கிட்டது. 1950 ஜூன்ல கொரியப் போர் தொடங்கியது. ஜெட் விமானங்கள் அப்போதான் போருக்குள்ள முழுசா வருது. ஜெட் எஞ்சினோட சூட்டைத் தாங்குற உலோகக் கலவைக்கு நிக்கல் நிறைய வேணும். அதனால நிக்கல் யாருக்கு எவ்வளவுன்னு அமெரிக்க அரசே பங்கு பிரிக்க ஆரம்பிச்சது. விமானமா பம்பரான்னு கேட்டா பதில் தெரிஞ்சதுதானே? பம்பர் வரிசையில கடைசிக்குப் போயிடுச்சு.

கார் கம்பெனிகள் என்ன பண்ணாங்க? பளபளப்பு இல்லாம விக்க மனசு வரலை. செம்பு பூசி, அதுமேல நேரா குரோமியம் பூசி, அதுக்கும் மேல நிறமில்லாத ஒரு லாக்கர் அடிச்சு வெளியே அனுப்பினாங்க. ஷோரூம் வெளிச்சத்துல வித்தியாசமே தெரியாது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது. லாக்கர் மஞ்சளாச்சு, உரிஞ்சது, அடியில துரு எட்டிப் பார்த்துச்சு. 1952, 1953 மாடல் கார்களைப் பழுது பார்க்கிறவங்க இதை இன்னிக்கும் 'கொரியப் போர் குரோம்'னு சொல்றாங்க. புது வண்டி, புது பம்பர், சீக்கிரத் துரு. ஓட்டினவர் மேல தப்பே இல்லை.

கொஞ்சம் வேதியியல் பேசிடலாம், ஏன்னா அந்தப் புள்ளி ஏன் அவ்வளவு வேகமா வளருதுன்னு இதுலதான் புரியும். ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு இருக்கு, நடுவுல ஈரம் இருக்குன்னா, அது ஒரு குட்டி பேட்டரி. அதுல ஒரு உலோகம் கரையும், இன்னொண்ணு தப்பிக்கும். இரும்பும் நிக்கலும் ஜோடி சேர்ந்தா கரையறது இரும்பு. இரும்பும் செம்பும் சேர்ந்தாலும் அதேதான். பூச்சு முழுசா இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒரு கல் பட்டு ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தா, சுத்தி இருக்கிற மொத்தப் பூச்சும் சேர்ந்து அந்த ஒரே புள்ளியில இருக்கிற இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். துரு அகலமாப் பரவுறதுக்கு முன்னாடியே ஆழமா இறங்கிடும்.

துத்தநாகம் பூசினா கதை தலைகீழ். அங்கே துத்தநாகம் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். இந்தத் தியாக ஐடியா புதுசில்ல. 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களோட அடியில இருந்த செப்புத் தகடு அரிக்காம இருக்க, துத்தநாகமும் இரும்பும் வச்சுப் பார்த்தார். செம்பு அரிக்கவே இல்லை. ஆனா செம்பு கரையாததால கடல் சிப்பிகளுக்குக் கொண்டாட்டம், அடிப்பக்கம் முழுக்க ஒட்டிக்கிட்டு கப்பலோட வேகம் குறைஞ்சுடுச்சு. பாவம் டேவி. அவரோட வேதியியல் சரிதான், சிப்பிகளைத்தான் கணக்குல எடுக்கலை.

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம். போர் முடிஞ்சது, நிக்கல் திரும்பி வந்தது, குரோம் வெறியும் கூடவே வந்தது. 1958 பியூக் காரோட கிரில்லைப் படத்துல பாருங்க: 160 குட்டிக் குட்டி குரோம் சதுரங்கள். கார் மாதிரி இல்ல, நகைக்கடை ஷோகேஸ் மாதிரி இருக்கும். அதே காலத்துலதான் வட அமெரிக்காவுல ரோட்டுல உப்பு கொட்டுற பழக்கம் பெருசா பரவியது. பனிக்காலத்துல ஐஸ் உருகணும்னு கொட்டுறாங்க. கார்த் தலைநகரமான டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, 300 மீட்டருக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கு. மேலே கார் செய்யறாங்க, கீழே அந்தக் காரை அரிக்கிற பொருளை வெட்டி எடுக்கறாங்க. இதை யாராவது கதையா எழுதியிருந்தா நாமளே நம்பியிருக்க மாட்டோம்.

உப்பு கலந்த தண்ணியில மின்சாரம் சுலபமா ஓடும். அதாவது நாம சொன்ன அந்தக் குட்டி பேட்டரி முழு வேகத்துல வேலை செய்யும். 1960களின் கடைசியில வந்த கார்கள்ல பம்பர் மட்டுமில்ல, கதவு, ஃபெண்டர் எல்லாம் ஓட்டை விழ ஆரம்பிச்சது. கார்க் கடன் அடைச்சு முடிக்கிறதுக்குள்ள கார் கரையுதுன்னா யாருக்குத்தான் கோபம் வராது?

இங்கேதான் கதை சூடாகுது. ஃபோர்டு கம்பெனி ஜே-67ன்னு ஒரு திட்டம் வச்சிருந்தது. துருப்பிடிச்சதுன்னு வந்து சத்தம் போடுறவங்களுக்கு ரிப்பேர் செலவுல உதவி கிடைக்கும். பேசாம இருக்கிறவங்களுக்கு அப்படி ஒரு திட்டம் இருக்குன்னே சொல்ல மாட்டாங்க. அமெரிக்க நுகர்வோர் அமைப்புகள் இதுக்கு 'ரகசிய வாரன்டி'ன்னு பேர் வச்சாங்க. பொருத்தமான பேர்னுதான் எனக்குத் தோணுது.

கனடாவுல மாண்ட்ரியல் நகரத்துல ஃபில் எட்மன்ஸ்டன்னு ஒருத்தர். கார் வாங்குறவங்களுக்காக ஒரு பாதுகாப்புச் சங்கம் நடத்தினவர். பின்னாளில் கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். துருப்பிடிச்ச ஃபோர்டு கார் ஓனர்களை எல்லாம் ஒண்ணு சேர்த்து ஒரு சங்கமாவே ஆக்கிட்டார். ஒவ்வொருத்தரும் தனியா சர்வீஸ் கவுன்டர்ல நின்னப்போ "உங்க ஊர் ரோடு அப்படி, உங்க பராமரிப்பு அப்படி"ன்னு சொல்ல முடிஞ்சது. ஒரே மாடல், ஒரே இடத்துல ஓட்டை, இப்படி நூத்துக்கணக்கானவங்க வந்து நின்னா அப்படிச் சொல்ல முடியாது இல்லையா?

இந்த அழுத்தமெல்லாம் சேர்ந்து, 1978-ல் கனடா அரசு கார்த் துருவுக்குன்னே ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தது. அதுல துரு மூணு வகையா பிரிஞ்சது. மேல்துரு, தகடே ஓட்டையாகிற துரு, வண்டியோட எலும்புக்கூட்டைப் பலவீனமாக்குற துரு. 1981 மாடல்கள் வர்றப்போ இதுக்கான கெடு முறையே 1 வருஷம், 3 வருஷம், 6 வருஷம். அதுவரைக்கும் 'துரு'ன்னு ஒரே வார்த்தையில மழுப்பிக்கிட்டு இருந்ததுக்கு முதல் தடவையா ஒரு அளவுகோல் கிடைச்சது.

நான் இதை வாசிக்கிற விதம் இதுதான்: அந்த அளவுகோல் ஓனர்களுக்கு வெற்றி, ஆனா அதே கோடு பின்னாடி அவங்களுக்கு எதிராவும் திரும்பியது. கம்பெனிகள் 'ஓட்டை விழுந்தா நாங்க பொறுப்பு'ங்கிறதை வருஷம் வருஷமா நீட்டி விளம்பரம் பண்ணாங்க. மேல்துரு அப்படியே கொஞ்ச காலத்தோட நின்னுடுச்சு. கல் பட்டு வர்ற துரு 'வெளிக் காரணம்'ங்கிற பெட்டிக்குள்ள போயிடுச்சு.

பாடி மட்டும் நிஜமாவே முன்னேறியது, அதை மறுக்க முடியாது. ஃபோர்டுல ஜார்ஜ் பிரூவர்ங்கிறவர் உருவாக்கின முறையில, 1960களில் கார் பாடியை அப்படியே பெயின்ட் தொட்டிக்குள்ள முக்கி, மின்சாரம் செலுத்தி, சந்து பொந்தெல்லாம் பிரைமர் ஒட்ட வச்சாங்க. 1970களின் நடுவுல இன்னும் நல்ல வகை வந்தது. துத்தநாகம் பூசின தகடும் வந்தது. போர்ஷே 911, அப்புறம் ஆடின்னு ஆரம்பிச்சு எல்லாருக்கும் பரவியது.

பம்பரோ வேற பாதையில போச்சு. 1972-ல் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோட வந்தது. 1973 மாடல்கள்ல இருந்து அமெரிக்கா, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் மோதினாலும் விளக்கு, பிரேக் மாதிரி பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாதுன்னு விதி போட்டது. மெல்ல மெல்ல கார்கள்ல வெளியே தெரியுற இரும்பு மறைஞ்சது. பிக்-அப், ஜீப் ரக வண்டிகள்ல மட்டும் அது தங்கிடுச்சு, கம்பீரத்துக்காகப் பாதி, உறுதிக்காகப் பாதி.

சிக்கல் என்னன்னா, இந்த பம்பர் போல்ட் போட்டு மாட்டுற தனிப் பாகம். பாடியோட சேர்ந்து அந்தத் தொட்டிக்குள்ள முங்குறது இல்லை. பல பம்பர்கள்ல பவுடர் கோட்டிங் மட்டும்தான். லேசர்ல வெட்டின ஓரங்கள்ல பூச்சு மெலிசா நிக்கும், சரியா ஒட்டாது. அதனால ஓரத்துலயும் வெல்டிங் பக்கத்துலயும்தான் முதல்ல பெயரும். ஒரு தடவை ஈரம் உள்ளே போச்சுன்னா பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து போகும். மேலே பார்த்தா கடுகு, சுரண்டினா காசு அளவு.

கல் பட்ட இடத்துல பெயர்ந்ததா, கல்லே படாத உள் ஓரத்துல தானா உரிஞ்சதாங்கிறது ரொம்ப முக்கியம். முதலாவது உங்க கணக்கு, ரெண்டாவது தயாரிப்புக் கோளாறுன்னு வாதாட இடம் இருக்கு. தேதியோட போட்டோ எடுத்து, சர்வீஸ் சென்டருக்கு எழுத்துல கொடுத்துட்டு, அப்புறமா கை வையுங்க. நீங்களே சரிபண்றதா இருந்தா, பழுப்பு போய் பளிச்சுனு இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, நல்லா காய வச்சு, பிரைமர் போட்டு, அப்புறம்தான் பெயின்ட். துரு மேலேயே பெயின்ட் அடிச்சா அது உள்ளுக்குள்ள வேலையைத் தொடரும்.

பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்க தள்ளிப் போடாதீங்க. டெட்ராய்ட்ல லாரி வச்சுக் கொட்டுற அதே உப்பு உங்களுக்குக் காத்துலயே வருது. அப்படியே வாரன்டி புத்தகத்துல துரு பத்தின பக்கத்தையும் எடுத்துப் பாருங்க. எத்தனை வருஷம்னு பெரிய எழுத்துல இருக்கும். அதுக்குக் கீழே, 'உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்தால்'ங்கிற மாதிரி சின்ன எழுத்துல ஒரு நிபந்தனை இருக்கும். அந்தப் பட்டியல்ல பம்பர்ங்கிற வார்த்தை இருக்கான்னும் பாருங்க.