பின்னணி அறிவார்ந்த பரிமாற்றச் சேவை

பின்னணி அறிவார்ந்த பரிமாற்றச் சேவை (சுருக்கமாக பிட்ஸ்) என்பது, மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் பயனர் வேறு பணியில் ஈடுபட்டிருக்கும்போதே பின்னணியில் கோப்புகளைப் பதிவிறக்க உதவும் ஒரு சேவை ஆகும். 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியுடன் இது அறிமுகமானது. பிந்தைய பதிப்புகளில் பதிவேற்றும் வசதியும் சேர்க்கப்பட்டது. விண்டோஸின் தானியங்கு இற்றைப்படுத்தலே நெடுங்காலம் இதன் முதன்மைப் பயனாக இருந்தது. கூகுள் குரோம் உலாவியின் இற்றைப்படுத்தியும், 2019 இல் வெளியான 68 ஆம் பதிப்பு முதல் பயர்பாக்சு உலாவியும் இச்சேவையைப் பயன்படுத்தியுள்ளன.

இணைப்பில் எஞ்சியிருக்கும் பட்டையகலத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே இதன் வடிவமைப்பு நோக்கம். எனினும் தரவின் அளவைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறப்படும் இணைப்புகளில், பயனர் அறியாமல் ஒதுக்கீட்டைத் தீர்த்துவிடும் நிகழ்வுகளில் ஒன்றாகவும் இது அறியப்படுகிறது.

செயற்படும் முறை

ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய கோப்பின் முகவரியைப் பிட்ஸிடம் ஒரு பணியாக ஒப்படைக்கிறது. பணிகளுக்கு நான்கு முன்னுரிமைகள் உண்டு. முன்னணிப் பணி மற்ற மென்பொருள்களுடன் பட்டையகலத்துக்குப் போட்டியிடும். உயர், இயல்பு, தாழ் என்னும் மூன்று பின்னணி நிலைகளில் உள்ள பணிகள் பயனரின் போக்குவரத்துக்கு வழிவிடும்.

கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பெறப்படுகிறது. இணைப்பு அறுந்தாலும், கணினி அணைந்தாலும், விட்ட இடத்திலிருந்தே பதிவிறக்கம் தொடரும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நிலவிய காலத்தில் இது உண்மையிலேயே பயனுள்ள பண்பாக இருந்தது. முடிவடையாத ஒரு பணி, இயல்பமைப்பில் 90 நாட்கள் வரை வரிசையில் இருக்கக்கூடும்.

வழிவிடுதல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிட்ஸ் தன் கணினியின் பிணைய அட்டை வழியாகச் செல்லும் போக்குவரத்தை அளந்து, அங்கு ஓய்வு இருந்தால் வேகத்தைக் கூட்டுகிறது. ஆனால் குறுகலான பகுதி பிணைய அட்டை அன்று. அதற்கு அப்பால் உள்ள தொலைபேசிக் கம்பியாகும். விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்திலுள்ள மம்சாபுரம் போன்ற ஒரு பேரூரில், நான்கு கணினிகள் ஒரே திசைவி வழியாக 256 கிலோபிட்டு இணைப்பைப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு கணினியின் பிணைய அட்டையும் நொடிக்கு 100 மெகாபிட்டு திறன் கொண்டது. முதற்கணினியில் ஒருவர் மின்னஞ்சல் படித்துக்கொண்டிருப்பதை நான்காம் கணினியின் பிட்ஸ் அறியாது. தன் அட்டை ஏறத்தாழ வெறுமையாக இருப்பதாகக் கண்டு, கம்பி முழுவதையும் நிரப்பிவிடும். திசைவியிடமிருந்து போக்குவரத்துக் கணக்கைக் கேட்டுப் பெறும் வசதி பிந்தைய பதிப்புகளில் சேர்க்கப்பட்டது. திசைவியும் அதற்கு ஒத்துழைத்தால் மட்டுமே அது பயன்படும்.

இந்திய இணைப்புகளில் ஏற்பட்ட சிக்கல்

இந்திய அரசின் 2004 ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டு வேகத்தை அகலப்பட்டையின் கீழ் எல்லையாக வரையறுத்தது. (இவ்வெல்லை 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.) பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் 2005 சனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதன் குறைந்த கட்டணத் திட்டங்களில் மாத வாடகைக்குள் குறிப்பிட்ட அளவு தரவே அடங்கியிருந்தது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம் இருந்தது.

பிட்ஸ் வேகத்தை விட்டுக்கொடுக்கும், அளவை விட்டுக்கொடுக்காது. 100 மெகாபைட்டு கோப்பை மெதுவாக இறக்கினாலும் விரைவாக இறக்கினாலும் கட்டணச்சீட்டில் ஏறுவது அதே 100 மெகாபைட்டுதான். 2007 சனவரியில் இந்நிறுவனம் தன் இணைப்புகளின் வேகத்தை 2 மெகாபிட்டு வரை உயர்த்தியபோது இது மேலும் கூர்மையடைந்தது. 256 கிலோபிட்டு இணைப்பு ஒரு மணிநேரம் முழுவீச்சில் இயங்கினால் ஏறத்தாழ 115 மெகாபைட்டு செலவாகும். 2 மெகாபிட்டு இணைப்பில் அதே ஒரு மணிநேரத்தில் 900 மெகாபைட்டு செலவாகும். ஒதுக்கீடுகள் இதற்கு ஈடாக எட்டு மடங்கு உயரவில்லை.

சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரையிலான பயன்பாடு கணக்கில் சேர்க்கப்படவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியின் தானியங்கு இற்றைப்படுத்தல் சாளரத்திலும் அதிகாலை 3 மணி என்ற நேரம் இயல்பாகவே குறிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பவர், பதிவிறக்கம் இலவச நேரத்தில் நடைபெறுவதாகக் கருதுவது இயல்பே. ஆனால் அச்சாளரத்தில் குறிப்பிடப்படுவது நிறுவும் நேரம் மட்டுமே. பதிவிறக்கம், கணினி இணையத்தில் இருக்கும் எந்த நேரத்திலும் நடைபெறும்.

கண்டறிதல்

எவரும் இணையத்தைப் பயன்படுத்தாத போதும் மோடத்தின் விளக்கு இடைவிடாது மின்னுவது முதல் அறிகுறி. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மானேஜரில் ஒவ்வொரு செயலியும் பயன்படுத்தும் வலையமைப்பு அளவைக் காணலாம். விண்டோஸ் 7 இல் ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதி இதற்கு உதவும். எனினும் அங்கு பிட்ஸ் என்ற பெயர் நேரடியாகத் தென்படாமல் போகலாம். இச்சேவை எஸ்விசிஹோஸ்ட் என்னும் பொதுச் செயலியின் உள்ளே இயங்குவதும், அதே பெயரில் பல செயலிகள் ஒரே நேரத்தில் இயங்குவதுமே காரணம். தரவை இழுக்கும் செயலியின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, சேவைகளின் பட்டியலில் அவ்வெண்ணுக்கு உரிய சேவை எது எனப் பார்க்க வேண்டும். எஸ்விசிஹோஸ்டை நச்சுநிரல் எனக் கருதி அழிக்க முற்படுவது பரவலாகக் காணப்படும் தவறு.

பிட்ஸ்தான் என உறுதியானால், நிர்வாகி உரிமையுடன் பிட்ஸ்அட்மின் கட்டளையை இயக்கி எல்லாப் பயனர்களின் பணிகளையும் பட்டியலிடலாம். எந்த முகவரியிலிருந்து எந்தக் கோப்பு, எவ்வளவு பெறப்பட்டுள்ளது என்பன அதில் தெரியும். அறிமுகமற்ற முகவரி காணப்பட்டால் அதைப் புறக்கணிக்கக் கூடாது. தீச்சுவர் நம்பும் சேவை இது என்பதால் நச்சுநிரல்களும் இதன் வழியே கோப்புகளை இறக்குவது 2007 இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. நச்சுநிரல் நீக்கப்பட்ட பின்னரும் அது உருவாக்கிய பிட்ஸ் பணி வரிசையில் எஞ்சி, அதனை மீண்டும் இறக்கிய நிகழ்வு 2016 இல் பதிவாகியுள்ளது.

கட்டுப்படுத்துதல்

சேவையை முற்றிலும் முடக்குவது எளிது; ஆனால் பரிந்துரைக்கத்தக்கதன்று. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்பிக்கர் புழு, தான் புகுந்த கணினிகளில் பிட்ஸையும் தானியங்கு இற்றைப்படுத்தலையும் முடக்கியது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராமலிருக்க வேண்டும் என்பதே அதன் தேவை. பயனரே இவற்றை முடக்கினால் புழுவின் வேலையை அவரே செய்து கொடுத்ததாகும்.

குழுக் கொள்கை வழியாகப் பின்னணிப் பணிகளுக்கு வேக உச்சவரம்பு விதிக்கலாம். அலுவலக நேரத்துக்கும் பிற நேரத்துக்கும் வெவ்வேறு வரம்புகள் அமைக்கலாம். முன்னணிப் பணிகளை இது கட்டுப்படுத்தாது. மொத்தத் தரவையும் குறைக்காது. பல கணினிகள் உள்ள கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும், 2005 இல் வெளியான விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ் போன்ற உள்ளூர் வழங்கியை அமைத்து ஒரே படியை எல்லாக் கணினிகளுக்கும் பகிர்வதே செலவைக் குறைத்தது.

அளவிடப்படும் இணைப்பு என்னும் கருத்து 2012 இல் விண்டோஸ் 8 உடன்தான் பயனருக்குக் கிடைத்தது. இவ்வாறு குறிக்கப்பட்ட இணைப்பில் பெரும்பாலான இற்றைப்படுத்தல்கள் நிறுத்தி வைக்கப்படும். ஆயினும் செல்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் இணையும் கணினி அதனைச் சாதாரண வைஃபை என்றே கொள்ளும்; பயனரே அமைப்புகளில் சென்று குறிக்க வேண்டும். யூஎஸ்பி வடம் வழியாகச் செல்பேசியை இணைத்தால் அது ஈதர்நெட் இணைப்பாகத் தோன்றக்கூடும். ஈதர்நெட்டை அளவிடப்படும் இணைப்பாகக் குறிக்கும் வசதி விண்டோஸ் 10 இன் 2017 ஏப்ரல் பதிப்பில்தான் வந்தது. நாளொன்றுக்கு இத்தனை கிகாபைட்டு என்ற செல்பேசித் திட்டத்தில் கணினியை இணைப்போர் முதலில் செய்ய வேண்டியது இக்குறிப்பே.

பிந்தைய நிலை

2015 இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, அதனை முன்பதிவு செய்யாதோரின் கணினிகளிலும் 6 கிகாபைட்டு வரையிலான நிறுவற்கோப்புகள் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டன. மைக்ரோசாப்ட் இதனை ஒப்புக்கொண்டது. அதே பதிப்பு முதல் விண்டோஸ் இற்றைப்படுத்தல் படிப்படியாக டெலிவரி ஆப்டிமைசேசன் என்னும் வேறு சேவைக்கு மாறியது. இது இறக்கிய கோப்புகளைப் பிற கணினிகளுக்கு அனுப்பவும் வல்லது. தொடக்கத்தில் ஓம், புரோ பதிப்புகளில் இணையத்திலுள்ள அறிமுகமற்ற கணினிகளுக்கும் அனுப்புவதே இயல்பமைப்பாக இருந்தது. ஆகவே விண்டோஸ் 10, 11 கணினிகளில் பிட்ஸ் வரிசை வெறுமையாக இருந்தும் தரவு குறைந்துகொண்டே வந்தால், விண்டோஸ் அப்டேட்டின் மேம்பட்ட விருப்பங்களில் உள்ள இச்சேவையின் பதிவேற்றக் கணக்கைப் பார்க்க வேண்டும். பிற கணினிகளுடன் பகிர்வதை அங்கேயே நிறுத்தவும் முடியும்.