மரத்துக்குள் ஒளிந்திருக்கும் அத்து: நிரலுக்கு உரை எழுதிய வரலாறு

ஒரு மென்பொருள் தொகுப்பில் இரண்டு வகைச் செயற்கூறுகள் (பங்ஷன்) உண்டு. ஒன்று, வெளியார் அழைத்துப் பயன்படுத்துவது. இன்னொன்று, உள்ளேயே இருந்து அதற்கு எடுபிடி வேலை செய்வது. முதல் வகைக்குக் கையேடு எழுதுவார்கள். இரண்டாவதற்கு?

1984-ல் டொனால்டு நூத், நிரலை மனிதர் படிக்கும் கட்டுரை போல எழுத வேண்டும் என்றார். அவர் முறையில் உள், வெளி என்ற பேதமே இல்லை. 1990-களின் நடுவில் ஜாவாவோடு வந்த ஜாவாடாக், நாமாகக் கேட்டால் ஒழிய உள் செயற்கூறுகளைக் கையேட்டில் காட்டாது. 2001-ல் எழுதப்பட்ட பைத்தான் நடை வழிகாட்டியான பெப் 8 நடுவழி சொன்னது: உள் செயற்கூறுக்கு முறையான விளக்கவுரை கட்டாயம் இல்லை, ஆனால் அது என்ன செய்கிறது என்று ஒரு குறிப்பாவது வேண்டும். ஆர் மொழியில் 'இன்டர்னல்' என்று குறித்தால் கையேட்டுப் பக்கம் இருக்கும், பொருளடக்கத்தில் வராது.

இந்தச் சிக்கல் தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. 13-ம் நூற்றாண்டு நன்னூலின் சூத்திரங்கள் மிகச் சுருக்கமானவை. அதற்கு 17-ம் நூற்றாண்டில் விருத்தியுரை எழுதியவர் திருநெல்வேலி சங்கர நமச்சிவாயர். அடுத்த நூற்றாண்டில் அவ்வுரையைத் திருத்தி விரித்தவர் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் (மறைவு 1785). இன்றைய பாஷையில் சொன்னால் ஒருவர் எழுதிய ஆவணத்தின் அடுத்த பதிப்பை இன்னொருவர் வெளியிட்டார்!

அந்த இலக்கணம் சாரியையையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் முக்கியம். 'மரத்தை' என்பது மரம் + அத்து + ஐ. 'அத்து' என்று யாரும் தனியாகப் பேசுவதில்லை. பேசுபவருக்கு அது தெரியவும் வேண்டாம். ஆனால் மொழியின் உள்வேலையைப் புரிந்துகொள்ள வேண்டியவருக்கு அது இல்லாமல் முடியாது.

நிரலிலும் இதே கதைதான். 'திருநெல்வேலி' நமக்கு 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் 12 குறிகள், ஏனெனில் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். குறிகளைச் சேர்த்து எழுத்தாக்க ஒரு சின்ன உள் செயற்கூறு தேவை. அது ஏன் இருக்கிறது என்ற குறிப்பு இல்லையென்றால், பின்னால் வருபவர் வேண்டாத சுமை என்று நீக்கிவிடலாம். அப்புறம் பெயரை 7 குறிகளோடு வெட்டினால் 'திருநெல' என்று நிற்கும். புள்ளி போச்சு! வெளிக் கையேட்டில் ஒரு வரிகூட மாறியிருக்காது. ஊர்ப் பெயர் மட்டும் சிதைந்திருக்கும்.

வெளிக் கையேடு பயன்படுத்துபவருக்கு. உள் குறிப்பு நாளை பராமரிக்கப் போகிறவருக்கு. எனவே அதில் 'என்ன செய்கிறது' என்பதோடு 'ஏன் தேவை', 'நீக்கினால் எது உடையும்' என்ற இரண்டும் இருக்க வேண்டும். சூத்திரம் எழுதியவர் எப்போதும் பக்கத்தில் இருக்கமாட்டார். உரைதான் இருக்கும்.