பௌதிகப் பட்டமும் பாடத் தேர்வும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் ஒரு விவாதம் எழுவதுண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளை பௌதிகம் படிக்க விரும்புகிறது. தில்லி கரோல்பாகில் குடியிருக்கும் தகப்பனார் கல்லூரி விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்கிறார். ஊரிலுள்ள அண்ணன் மகன் பௌதிகத்தை முதன்மைப் பாடமாகவும், கணிதத்தையும் இரசாயனத்தையும் துணைப் பாடங்களாகவும் படித்தவன். மும்பை மாதுங்காவில் வசிக்கும் மைத்துனர் மகளோ முதலாண்டில் மூன்று பாடங்கள், இரண்டாமாண்டில் இரண்டு, மூன்றாமாண்டில் ஒன்று என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தவள். ஹைதராபாத்தில் பயின்ற நண்பர் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய மூன்றையும் இறுதி வரையில் சமமாகவே சுமந்தவர். மூவரும் பெற்றது பி.எஸ்ஸி. பட்டம்தான். இவர்களுள் யாருடைய அனுபவத்தைத் துணையாகக் கொண்டு பிள்ளைக்குப் பாடத் திட்டம் வகுப்பது என்பது தகப்பனாருக்கு விளங்கவில்லை.

இந்தக் குழப்பம் நேற்றோ இன்றோ தோன்றியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளாக நம் நாட்டில் பௌதிகப் படிப்பு கட்டப்பட்டும் பிரிக்கப்பட்டும் திரும்பக் கட்டப்பட்டும் வந்திருக்கிறது. அவ்வப்போது எழுந்த சுவர்களில் பலவும் இடிக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். (பௌதிகம் என்றே இங்குச் சொல்லி வருகிறோம். இன்றைய பாடநூல்கள் இயற்பியல் என்கின்றன. முதியோர் நாவில் பழைய சொல்லே முந்துகிறது. இளைய நேயர்கள் பொறுத்தருள்க.)

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-இல் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை அவை. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. கேள்வித்தாள் அமைத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. விஞ்ஞானத்துக்கென்று தனிப் பட்டமும் நெடுங்காலம் எங்கும் பரவவில்லை. சென்னை இராசதானிக் கல்லூரியில் 1904-இல் பௌதிகத்தில் முதலிடம் பெற்றுத் தேறிய சி. வி. இராமன் வாங்கியது பி.ஏ. பட்டமே. 1907-இல் அவர் பெற்றதும் எம்.ஏ. தான். மாணவராக இருந்த காலத்திலேயே, 1906 நவம்பரில், ஒளியைப் பற்றிய அவரது முதற் கட்டுரை இங்கிலாந்தின் விஞ்ஞான ஏடு ஒன்றில் வெளியாயிற்று. அக்கட்டுரையை எழுதும்படி எந்தப் பாடத்திட்டமும் அவரைக் கேட்கவில்லை.

இண்டர்மீடியட் வகுப்பு இரண்டாண்டு. அதனை முடித்தவர்கள் இரு வழிகளில் பிரிந்தார்கள். சாதாரணப் பட்டத்துக்கு மேலும் இரண்டாண்டு. ஆனர்ஸ் பட்டத்துக்கு மூன்றாண்டு. ஆனர்ஸ் என்றால் ஒரே பாடத்தில் ஆழ்ந்த படிப்பு. பதினேழு வயதுப் பிள்ளை எந்தக் கதவைத் திறக்கிறானோ அந்த அறைக்குள்ளேயே மூன்றாண்டு இருந்தாக வேண்டும். பௌதிகமா, கணிதமா என்ற கேள்வி ஒரு குடும்பத்தையே அலைக்கழித்த கதை ஒன்று நம்மவரிடையே உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம்.

இலாகூரில் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகத்தின் பொருட்டு அங்கே சென்றிருந்தார். வடக்கே வேலை தேடிப் போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் நமக்கு இவர் ஒரு வகையில் அண்டை வீட்டார். பின்னர்க் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. பையன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு இராசதானிக் கல்லூரியிலும் படித்தார். அவருடைய மனமெல்லாம் கணிதத்தில். கணிதமேதை இராமானுஜன் மறைந்த செய்தியைத் தாயார் வாயிலாகக் கேட்டபோது அவருக்கு வயது ஒன்பது. அன்று முதல் அந்தப் பெயர் அவருக்கு ஓர் இலட்சியமாக நின்றது. தந்தையாரின் எண்ணம் வேறு. மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி உயர் உத்தியோகம் பெற வேண்டும், அதற்குப் பௌதிக ஆனர்ஸே ஏற்றது என்று அவர் கருதினார். சிற்றப்பா இராமனின் புகழும் அவ்வழியைக் காட்டியது. தாயாரோ, மனத்துக்குப் பிடித்ததையே செய் என்று மகனிடம் சொன்னவர்.

சந்திரசேகர் 1927-இல் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். தந்தை சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால் பௌதிகப் பாடங்கள் அவருக்கு எளிதாக இருந்தமையால், கணித வகுப்புக்குச் சென்று அங்கு நடந்த சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தார். ஏட்டில் பௌதிக மாணவர், இருப்பில் கணித மாணவர்! இக்காலத்தில் துணைப் பாடம், விருப்பப் பாடம் என்று பல பெயரிட்டு அட்டவணையில் தருவதை அன்று அவர் அடுத்த வகுப்பறையில் தாமே தேடிக்கொண்டார்.

மறு ஆண்டில் இன்னொன்று நிகழ்ந்தது. ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஆர்னால்டு சோமர்பெல்ட் 1928-இல் சென்னைக்கு வந்து இராசதானிக் கல்லூரியில் பேசினார். அணுவைப் பற்றி அவர் எழுதிய நூலை சந்திரசேகர் முன்னமே கற்றிருந்தார். பெருமிதத்தோடு சென்று பேராசிரியரைக் கண்ட அந்தப் பதினெட்டு வயது மாணவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அந்த நூலிலுள்ள குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது. ஷ்ரோடிங்கர், ஹைசன்பெர்க் முதலியோர் அதனை முற்றும் மாற்றிவிட்டனர் என்றார் சோமர்பெல்ட். உலோகங்களில் மின்னணுக்கள் இயங்கும் விதம் பற்றித் தாம் எழுதி அச்சிலிருந்த கட்டுரையின் படிகளையும் அவரிடம் கொடுத்தார். சந்திரசேகர் அதனைத் தாமே பயின்று, புதிய புள்ளியியலைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஆர். எச். பௌலருக்கு அதனை அனுப்ப, 1929-இல் அது இராயல் சொஸைடியின் ஏட்டில் வெளிவந்தது. பட்டம் 1930-இல் கிடைத்தது. அவ்வாண்டே கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். விண்மீன்களைப் பற்றி அவர் கண்டதற்கு நோபல் பரிசு வந்தது 1983-இல்.

மேதைகளுக்கு எந்தத் திட்டமும் தடையாகாது என்று இதனைக் கேட்டவுடன் சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. பாடத்திட்டம் பின்தங்கியிருந்த செய்தி, ஒரு விருந்தினர் வந்து சொன்ன பிறகுதான் அந்த மாணவருக்கே தெரிந்தது. சோமர்பெல்ட் வராத ஊர்களில் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

கல்கத்தாவில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கே ஆசுதோஷ் முகர்ஜி, தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் பெருங்கொடைகளைக் கொண்டு 1914-இல் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். தேர்வு மட்டும் நடத்திய பல்கலைக்கழகம் தானே கற்பிக்கவும் முற்பட்டது. புதிய பௌதிகம் சொல்லித்தர ஆள் வேண்டுமே! 1915-இல் எம்.எஸ்ஸி. தேர்வில் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்ற சத்தியேந்திரநாத் போஸும் மேகநாத் ஸாஹாவும் அழைக்கப்பட்டனர். அவ்விருவரும் பட்டம் பெற்ற பாடம் பௌதிகமன்று, கலப்புக் கணிதம். ஜெர்மன் மொழியைக் கற்று, ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகவே வெளியிட்டனர். தாம் கற்றுக்கொண்டே பிறருக்குக் கற்பித்தனர். விண்மீன் ஒளியை விளக்கிய ஸாஹாவின் சமன்பாடு 1920-இல் வந்தது. டாக்காவிலிருந்து போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை 1924-இல்.

இராமன் 1917-இல் அரசாங்கக் கணக்கு உத்தியோகத்தை விட்டு அக்கல்லூரியின் பாலித் பேராசிரியரானார். அவரை நாடி 1920-இல் தெற்கிலிருந்து ஓர் இளைஞர் சென்றார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனச் செய்முறை வகுப்பைக் கவனித்து வந்தவர். பின்னாளில், 1947-இல், தில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானவரும் அவரே.

சிறப்புப் பாடம் என்ற ஏற்பாடும் கல்கத்தாவின் எம்.எஸ்ஸி. வகுப்புகளில்தான் வேரூன்றியது. பிரான்சில் பயின்று 1923-இல் திரும்பிய சிசிர் குமார் மித்ரா, கம்பியில்லாத் தந்தியை அங்கே ஒரு பாடமாகவே சேர்த்தார். அப்பாடம் வளர்ந்து 1949-இல் வானொலிப் பௌதிகத்துக்கென்று தனித் துறையாயிற்று. வானொலியில் பேசும் நமக்கு இதில் ஒரு சொந்தப் பெருமை இருப்பதை மறைப்பானேன்? ஸாஹா அணுக்கருப் பௌதிகத்தை 1940-ஆம் ஆண்டளவில் பாடமாக்கினார். ஆயினும் இவையெல்லாம் முதுகலை மாணாக்கருக்கே. இளங்கலை மாணவனுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அச்சிட்ட பாடத்திட்டம் எதைச் சொல்கிறதோ அதைப் படிக்க வேண்டியதுதான்.

படிப்புக் காலத்தைப் பற்றிய வாதம் தனியாக நடந்துகொண்டிருந்தது. இண்டர்மீடியட்டைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துப் பட்டப்படிப்பை மூன்றாண்டாக்க வேண்டுமென்று 1917-19-இல் ஆராய்ந்த ஸாட்லர் குழு சொன்னது. தில்லிப் பல்கலைக்கழகம் 1943-இல் அதனை நிறைவேற்றியது. சுதந்திரத்துக்குப் பின் 1948-49-இல் இராதாகிருஷ்ணன் குழுவும் மூன்றாண்டுப் பட்டத்தையே வலியுறுத்தியது. 1964-66-இல் கோத்தாரி குழு பத்தும் இரண்டும் மூன்றும் என்ற கணக்கை முன்வைத்தது. அக்குழுவின் தலைவர் டி. எஸ். கோத்தாரி, அலகாபாத்தில் ஸாஹாவிடம் படித்து, 1934 முதல் தில்லியில் பௌதிகம் கற்பித்தவர். தமிழ்நாட்டில் மேனிலை வகுப்புகள் 1978-இல் தொடங்கின. இடைக்காலத்தில் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற்றலான உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகள் ஓராண்டை இழந்ததும், படித்த பாடத்தையே மீண்டும் படித்ததும் நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும்.

தேர்வுரிமை இளங்கலைக்கு இறங்கி வந்தது மிக அண்மையில்தான். புனேயிலும் கல்கத்தாவிலும் 2006-இல் தொடங்கிய விஞ்ஞானக் கல்வி ஆய்வு நிறுவனங்களில் மாணவர் முதல் இரண்டாண்டு எல்லா விஞ்ஞானங்களையும் பொதுவாகப் படித்து, அதன் பிறகே தம் துறையைத் தேர்ந்தனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் 2011-இல் நான்காண்டுப் பட்டத்தை ஏற்படுத்தியது. தில்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டுத் திட்டத்தைத் தொடங்கி, மறு ஆண்டே கைவிட்டு, 2022-இல் வேறு வடிவில் மீண்டும் மேற்கொண்டது. முதல் தடவை அதில் அகப்பட்டுக்கொண்ட மாணவர்களின் நிலை பரிதாபத்துக்குரியது.

இவற்றினிடையே, 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தளித்த பௌதிக ஆனர்ஸ் மாதிரித் திட்டம் நம் கவனத்துக்குரியது. ஆறு பருவங்கள், பதினான்கு கட்டாயப் பாடங்கள், துறை சார்ந்த விருப்பப் பாடங்கள் நான்கு, பிற துறையிலிருந்து பொது விருப்பப் பாடங்கள் நான்கு. பதினான்கில் மூன்று பௌதிகக் கணிதமே. விருப்பப் பாடங்களின் பட்டியலிலோ அணுக்கரு, வானியல், மருத்துவப் பௌதிகம், உயிரியற் பௌதிகம், புவிப் பௌதிகம், நுண்பொருள்கள், கருவிகள் என்று பெரிய சந்தையே விரிக்கப்பட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் பார்ப்பது இந்தச் சந்தையைத்தான்.

திட்டத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். இயக்கவியலும் முதற் பௌதிகக் கணிதமும் முதற் பருவத்தில்; மின்காந்தமும் அலையொளியும் இரண்டாவதில்; வெப்பவியல் மூன்றாவதில். குவாண்டம் இயக்கவியல் ஐந்தாம் பருவத்தில்தான் வருகிறது. துறை விருப்பப் பாடங்கள் தொடங்குவதும் அதே ஐந்தாம் பருவத்தில். ஆகவே அப்பருவத்திலேயே அணுக்கருவை எடுத்த மாணவன், அதற்கு வேண்டிய குவாண்டம் கருத்துக்களைப் பக்கத்து வகுப்பில் அப்போதுதான் கேட்டுக்கொண்டிருப்பான். அதனை ஆறாம் பருவத்துக்குத் தள்ளி வைத்து, ஐந்தாவதில் கருவிகளைப் பற்றிய பாடம் போன்ற ஒன்றை எடுத்தவனுக்குச் சுமை குறையும். பாடங்களின் பெயரைக் காட்டிலும் அவை வரும் வரிசை முக்கியம் என்பதை விண்ணப்பத் தாள் சொல்வதில்லை.

முதல் நான்கு பருவங்களில் வந்த பொது விருப்பப் பாடங்களை எளிதில் மதிப்பெண் தருவனவாகப் பார்த்து எடுப்பதும் வழக்கமாயிற்று. அவ்விடங்களில் இரண்டையாவது நேரியல் இயற்கணிதத்துக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் கொடுப்பதே நலம் என்பது நம் கருத்து. சந்திரசேகர் அடுத்த வகுப்பறைக்குச் சென்று கேட்டது அதைத்தான்.

2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஓராண்டு முடித்தவருக்குச் சான்றிதழ், இரண்டாண்டுக்கு டிப்ளமா, மூன்றாண்டுக்குப் பட்டம், நான்காண்டுக்கு ஆராய்ச்சியுடன் கூடிய பட்டம் என்று வாயில்களை அமைத்தது. படித்த பாடங்களின் கிரெடிட்டைச் சேமித்து வைத்து, வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்ல உதவும் கணக்கு முறை 2021-இல் விதிகளாயிற்று. மாற்றல் உத்தியோகத்தில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது நற்செய்தியே. ஆனால் கணக்கில் ஏறிய கிரெடிட் வேறு. புதிய கல்லூரி அதனை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது என்பது வேறு. ஹைதராபாத்தில் மூன்று பாடங்களைச் சமமாகப் படித்துவிட்டு, தில்லியில் பௌதிகம் ஒன்றையே ஆழ்ந்து படிக்கும் வகுப்பின் நடுவே சேர விரும்பும் பிள்ளைக்கு இரசாயனக் கிரெடிட் மிகுந்தும் பௌதிகக் கிரெடிட் குறைந்தும் நிற்கும்.

கரோல்பாக் தகப்பனார் கையிலிருக்கும் கல்லூரிக் கையேட்டில் பத்துக்கு மேற்பட்ட விருப்பப் பாடங்கள் அச்சிடப்பட்டிருக்கலாம். அவை பல்கலைக்கழகம் அனுமதித்த பாடங்கள். ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உள்ள பாடங்களையே அந்தந்தக் கல்லூரி நடத்த முடியும். ஆதலால் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் அவர் கல்லூரிக்கு நேரில் சென்று, கடந்த மூன்றாண்டுகளில் உண்மையாக நடத்தப்பட்ட விருப்பப் பாடங்கள் எவை, எந்தப் பருவத்தில் நடந்தன, எத்தனை மாணவர் சேர்ந்தால் வகுப்பு வைப்பார்கள் என்று துறைத் தலைவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு வரலாம். உடன் பிள்ளையையும் அழைத்துச் செல்வது நல்லது. கேட்க வேண்டிய நான்காவது கேள்வி அதனிடம் இருக்கும்.