வீட்டு மேசைக்கு வந்த ஒளியுளி

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலைகளையும் போர்க்களங்களையுமே நோக்குவர். பொழுதுபோக்குக் கைப்பணிக்கென வீட்டிற் பயன்படும் கருவிகள் அவர்தம் கவனத்தைப் பெறுவது அரிது. ஆயின், ஒரு கருவி ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும்பொழுது எவற்றைத் தன்னுடன் கொண்டு வருகின்றது, எவற்றை வழியில் விட்டுவிடுகின்றது என ஆராய்வது பயனற்ற முயற்சியன்று. மரத்திலும் தோலிலும் தடித்த தாளிலும் எழுத்தையும் சித்திரத்தையும் லேசர்க் கதிராற் பொறிக்கும் சிறு இயந்திரம் இத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். இன்று மேசையொன்றின்மேல் அடங்கிவிடும் அவ்வியந்திரத்தின் முதன்மையான உறுப்புகளுள் ஒன்றேனும் வீட்டுக் கைப்பணியை மனத்திற் கொண்டு முதலில் ஆக்கப்பட்டதன்று.

எரித்து வரைதல் புதிய கலையுமன்று. சூடேற்றிய இரும்புக் கோலால் மரத்தைக் கருக்கிச் சித்திரம் தீட்டும் வழக்கம் பல நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. கோல் விரைவில் ஆறிவிடும்; மீண்டும் மீண்டும் அதனை நெருப்பில் இடல் வேண்டும். ஆதலின், கோடு தொடங்குமிடத்திற் கரியாகவும் முடியுமிடத்தில் மங்கலாகவும் அமைவது தவிர்க்கவியலாததாயிற்று. இக்குறையைத் தீர்த்தவர் ஓவியரல்லர், மருத்துவர். பிரான்சிய மருத்துவரான பக்கெலன் 1870களின் நடுப்பகுதியில், குருதிப் பெருக்கைச் சுட்டு நிறுத்துவதற்கென ஒரு கருவியை அமைத்தார். எரியும் எண்ணெய் ஆவியைக் கைக்குமிழால் ஊதி உள்ளீடற்ற பிளாத்தினமுனையொன்றினுட் செலுத்தினால், அம்முனை இடையறாது தணலாக நிற்கும். அறுவை மேசைக்கென எழுந்த அக்கருவி சிறிது காலத்திற் செல்வர் வீட்டு வரவேற்பறைக்கு இடம்பெயர்ந்து, மரத்தில் மலர்களையும் கொடிகளையும் கருக்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கைச் சேர்ந்த பிளெமிஷ் ஆட் கம்பனி போன்ற வணிக நிறுவனங்கள், கோடுகள் முன்னரே பதிக்கப்பட்ட மரப்பெட்டிகளை விற்பனைக்கு விட்டன; வாங்குபவர் அக்கோடுகளின்மேற் சுடுமுனையை ஓட்டினாற் போதும். இங்கிலாந்தில் 1895 இல் தொடங்கிய 'ஹொபீஸ்' என்னும் வார இதழும், நுண்வாளாற் பலகையைத் துளைத்தறுக்கும் பணிக்கு இவ்வாறே ஆயத்த வரைபடங்களை வழங்கியது. பிறதுறைக்கென எழுந்த கருவி, பிறர் வரைந்த கோடு ஆகிய இவ்விரண்டும் பின்னர் லேசரின் வரலாற்றிலும் மீளத் தோன்றுவதைக் காணலாம்.

தூண்டப்பட்ட ஒளிவீசல் என்னும் கருத்தை ஐன்ஸ்டீன் 1917 இல் வெளியிட்டார். அதனை ஒளிக்கதிராக முதன்முதல் ஆக்கிக் காட்டியவர் தியடோர் மைமன். கலிபோர்ணியாவின் மலிபுவிலிருந்த ஹியூஸ் ஆய்வுகூடத்தில், 1960 மே 16 ஆம் நாள், செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து அவர் அதனைப் பெற்றார். அக்காலத்தில் இக்கதிரால் யாது பயன் என எவரும் அறுதியிட்டுரைக்க இயலவில்லை. அதன் வலிமையை, அது துளைத்துச் செல்லும் சவர அலகுகளின் எண்ணிக்கையால் ஆய்வாளர் வேடிக்கையாக அளந்தனர். எனினும் அவ்வேடிக்கையிற் பொருளில்லாமலில்லை. ஒளி பொருளைத் துளைக்கும் என்பதே அங்கு முதலிற் கண்டறியப்பட்ட பயனாகும். 1965 இல் வெஸ்டர்ன் இலெக்றிக் நிறுவனம், கம்பி இழுப்பதற்குரிய வைர அச்சுகளில் லேசராற் றுளையிடத் தொடங்கிற்று.

மரத்தையும் பிளாத்திக்கையும் பொறுத்தமட்டில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியது 1964 ஆம் ஆண்டாகும். மகாராட்டிரத்தின் பாராமதியிற் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய குமார் பட்டேல், காபனீரொட்சைட்டு வாயுவை ஊடகமாகக் கொண்ட லேசரை அவ்வாண்டில் ஆக்கினார். அதன் கதிர் 10.6 மைக்கிரோமீற்றர் அலைநீளமுடையது, கண்ணுக்குப் புலப்படாதது. மரம், தோல், அக்கிரிலிக்கு, கண்ணாடி ஆகிய யாவும் அதனை மிக நன்றாக உறிஞ்சும். 1967 இல் இங்கிலாந்தின் ஒட்டுவேலை ஆய்வு நிலையத்திற் பீற்றர் ஹோல்ட்குரொப்ற் என்பார், கதிர் விழுமிடத்தில் ஒட்சிசன் தாரையையும் செலுத்தி மெல்லிய உருக்குத் தகட்டை அறுத்துக் காட்டினார். இன்றைய வீட்டு இயந்திரத்திற் கதிர்முனையருகே காற்றை ஊதும் சிறு குழாய் அத்தாரையின் தூரத்து உறவு எனலாம். ஆயின் நோக்கம் நேர்மாறானது: அங்கு ஒட்சிசன் உருக்கை எரியச் செய்தது, இங்கு காற்று புகையையும் சுவாலையையும் ஊதியகற்றி மரத்தைக் காக்கின்றது.

கதிர் கிடைத்துவிட்டது, அதனைக் கோட்டின் வழியே நடத்துவது எங்ஙனம்? இதற்கான விடை லேசருக்கு முற்பட்டது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் 1952 இல், துளையிட்ட நாடாவின் எண்களுக்குக் கீழ்ப்படிந்து உலோகத்தைக் கடையும் இயந்திரமொன்றைக் காட்சிக்கு வைத்தது. விமான உறுப்புகளுக்கென எழுந்த அம்முறையிலிருந்தே 'ஜி-குறி' எனப்படும் கட்டளை மொழி வளர்ந்தது. வீட்டில் ஒருவர் தம் மகளின் பெயரை மரத்துண்டொன்றிற் பொறிக்கும்பொழுது கணனி இயந்திரத்துக்கு அனுப்பும் கட்டளைகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே அமைகின்றன. 1980களின் இறுதியில் வாயு லேசரும் கணனியும் ஒருங்கே மேசையளவுக்குச் சுருங்கின. 1988 இல் கொலராடோவில் தொடங்கப்பட்ட எபிலாக் போன்ற நிறுவனங்கள், அச்சுப்பொறிக்குப் படத்தை அனுப்புவதுபோலவே பொறிப்பு இயந்திரத்துக்கும் அனுப்பலாம் என்னும் நிலையை ஏற்படுத்தின. ஆயினும் விலை பல்லாயிரம் டொலர். பரிசுக் கேடயக் கடைகளும் பெயர்ப்பலகைத் தொழிலகங்களுமே வாங்க வல்லன.

இவ்விலையை உடைத்த வரலாறு வேறொரு வழியில் வந்தது. குறைகடத்தி லேசரை 1962 இல் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தின் றொபேட் ஹோல் ஆக்கினார். கடுங்குளிரிற் றுடிப்புகளாகவே அது ஒளி வீசியது. அறை வெப்பநிலையில் இடையறாது இயங்கும் நிலையை அது எய்தியது 1970 இல். பின்னர் 1982 இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டுகளுக்காக அது கோடிக்கணக்கில் உற்பத்தியாயிற்று. தட்டில் மேலும் நுண்ணிய குழிகளை வாசிக்கக் குறுகிய அலைநீளம் வேண்டப்பட்டது. யப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நகாமுரா 1990களின் நடுப்பகுதியில் ஆக்கிய நீலவூதா லேசர் இருவாயி அத்தேவையை நிறைவு செய்தது. 2010 இல் கசியோ நிறுவனம் வகுப்பறைகளுக்கென விற்ற பட வீழ்த்திகளில் ஏறத்தாழ ஓர் உவாற்று வலிமையுள்ள நீல இருவாயிகள் 24 ஒருங்கே அமைந்திருந்தன. தனித்தனியே வாங்குவதினும் வீழ்த்தியை வாங்கிச் சிதைப்பது மலிவு எனப் பொழுதுபோக்காளர் கண்டுகொண்டனர். புத்தம்புதிய கருவிகள் உடைக்கப்பட்டன, இருவாயிகள் கைமாறின. பக்கெலனின் சுடுமுனை மருத்துவமனையைவிட்டு வெளியேறிய கதையே மீண்டும் நிகழ்ந்தது எனலாம், இம்முறை சுத்தியலின் துணையோடு.

ஏனைய உறுப்புகளும் இவ்வாறே சேர்ந்தன. 2005 இல் இத்தாலியில் மாணவருக்கென எழுந்த 'ஆடுயினோ' என்னும் சிறு மின்பலகை இயந்திரத்தின் மூளையாயிற்று. அதே ஆண்டில் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்றியன் பவுயர் தொடங்கிய றெப்றாப் முயற்சி, படிப்படியாகத் திரும்பும் சிறு மோட்டர்களையும் பல்வார்களையும் மலிவுப் பண்டங்களாக்க உதவிற்று. அச்சிறு மின்பலகையிலேயே ஜி-குறியைப் படித்து மோட்டர்களை இயக்கும் 'கிறிபிள்' என்னும் செயல்நிரலை 2009 இல் நோர்வேயைச் சேர்ந்த ஸ்கொக்செய்ட் எழுதி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என வெளியிட்டார். அலுமினியச் சட்டங்களில் இவற்றைப் பூட்டிச் சில நூறு டொலருக்கு விற்கும் வேலையைச் சீன உற்பத்தியாளர் விரைந்து மேற்கொண்டனர். 2015 இல் குளோபோர்ஜ் என்னும் அமெரிக்க நிறுவனம், வாயு லேசரை வீட்டுப் பண்டமாக்குவதாகக் கூறி முன்பணம் கோரியபொழுது முப்பது நாளில் 27.9 மில்லியன் டொலர் சேர்ந்தது. வாங்குவோர் எத்துணை ஆவலோடு காத்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, வழியில் விடப்பட்டது யாது என்பதை நோக்குதல் தகும். இசைத்தட்டுக் கருவியில் லேசர் மூடிய பெட்டியினுள் இருந்தது. பட வீழ்த்தியிலும் அது மூடப்பட்டேயிருந்தது. ஆலையிற் கதவைத் திறந்தாற் கதிர் தானே அணையும். இவை தற்செயலாக அமைந்தவையல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லேசர்ப் பண்டங்களுக்கான கட்டாய விதிகள் 1976 இல் நடைமுறைக்கு வந்தன. அரை உவாற்றுக்கு மேற்பட்ட தொடர்கதிர், மிக ஆபத்தான நான்காம் வகுப்பைச் சேரும். அதனையே முற்றாக மூடிய பெட்டியிலிட்டால் அப்பண்டம் முதலாம் வகுப்பாகிவிடும். வீட்டுக்கு வந்த மலிவுச் சட்டகத்தில் ஐந்து உவாற்றுக் கதிர் இருந்தது, பெட்டி இல்லை. உறுப்பு வந்து சேர்ந்தது, உறை வரவில்லை. பழைய சுடுகோல் தன் ஆபத்தைத் தானே அறிவித்தது: கையிற் பட்டாற் சுடும். நீலக் கதிரோ விழியின் முன்புறத்தைக் கடந்து, விழிவில்லையாலேயே குவிக்கப்பட்டு, விழித்திரையைத் தாக்கும். இமை மூடும் கால் வினாடிக்குள் கேடு நிகழ்ந்துவிடும். வாயு லேசரின் கதிர் விழிவெண்படலத்தைச் சுடும். ஒன்றுக்குரிய காப்புக் கண்ணாடி மற்றையதற்கு உதவாது என்பதையும் பலர் அறிந்திலர். பீ.வீ.சீ. பிளாத்திக்கை எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு எழுந்து நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒருங்கே அரிக்கும். பின்னாளில் மூடிய பெட்டியோடு வரும் இயந்திரங்கள் பெருகியுள்ளன. திறந்த சட்டகங்களும் அவற்றின் அருகிலேயே விற்கப்படுகின்றன. வேறுபாடு விலைச்சீட்டிலேயே முதலிற் புலப்படுகின்றது.

கைத்திறன் மறைந்துவிட்டதா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோமஸ் பியூயிக், வன்மரக் குறுக்குவெட்டிற் செதுக்குளியாற் பறவையின் இறகைக் காட்டியபொழுது, ஒவ்வொரு கோடும் அவர் விரலின் முடிவாக இருந்தது. லேசர் அவ்வாறு முடிவு செய்வதில்லை. ஒளிப்படத்தை மரத்திற் பதிக்கையில், புள்ளி இடுவதா விடுவதா என்பதைக் கணிப்பது புளொயிட், ஸ்ரைன்பேர்க் ஆகிய இருவர் 1976 இல் வெளியிட்ட முறை போன்றதொரு கணக்கு. ஒரு புள்ளியில் நேர்ந்த பிழையை அயற் புள்ளிகளுக்குப் பங்கிட்டுக் கண்ணை ஏமாற்றும் தந்திரம் அது. பிறர் வரைந்த படத்தை விலைக்கு வாங்கி இயந்திரத்தை இயக்கிவிட்டு அமர்ந்திருப்பவர், பதித்த கோட்டின்மேற் சுடுமுனையை ஓட்டியவரினும் குறைந்த உழைப்பையே செலுத்துகின்றார் என்பதை மறுத்தற்கில்லை.

ஆயின், திறன் வேறிடத்திற் குடியேறியிருக்கின்றது. நீலக் கதிர் தெளிந்த அக்கிரிலிக்கினூடே ஊடுருவிச் சென்றுவிடும். அதனாற் பொறிக்க விரும்புவோர் பரப்பிற் கருமை பூசுகின்றனர். வெண்ணிற ஓட்டில் தைத்தானியமீரொட்சைட்டுக் கலந்த வெள்ளைப் பூச்சைத் தடவிக் கதிரைச் செலுத்தினால், பூச்சைக் கழுவிய பின்னும் அழியாத கரும்படம் எஞ்சுகின்றது. பொழுதுபோக்காளர் தமக்குள் பரிமாறி வளர்த்த அறிவு இது. புதிய மரம் ஒன்றைத் தொடுமுன், அதன் ஓரத்தில் வேகத்தையும் வலிமையையும் படிப்படியாக மாற்றிச் சிறு கட்டங்களின் வரிசையொன்றை எரித்துப் பார்ப்பது தேர்ந்தவர் வழக்கம். ஒரே மரத்தின் இரு பலகைகள்கூட ஒரே விடையைத் தருவதில்லை. ஒட்டுப்பலகையின் உட்பசை ஓரிடத்திற் றடித்திருப்பின் கதிர் அங்கு அறுக்காது நின்றுவிடும். ஆதலின் அச்சோதனைத் துண்டுகளை எறிந்துவிடாமல், மரத்தின் பெயரும் கனமும் திகதியும் எழுதி, இயந்திரத்தின் அருகே தொங்கவிட்டிருப்பர்.